பள்ளிக்கூட வாசல் காற்று பிள்ளைகளை என்ன செய்கிறது?

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சின்னச் சோதனை செய்தோம். இரண்டு வெள்ளைத் தாள்களில் வாஸ்லினை மெல்லிசாகத் தடவி, ஒன்றை மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னலிலும் இன்னொன்றைப் பின்பக்கம் வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னலிலும் ஒட்டி, திங்கள் முதல் வெள்ளி வரை யாரும் தொடக்கூடாது என்று விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வேப்பமரப் பக்கத்துத் தாளில் அங்கங்கே புள்ளிகள், ஒரு சின்னக் கொசு. ரோட்டுப் பக்கத்துத் தாள் தோசைக்கல் துடைத்த துணி மாதிரி இருந்தது, விரலால் தேய்த்தால் கோடு விழுந்தது. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், இது தாள்ல ஒட்டினது. அஞ்சு நாளா எங்க மூக்குல போனதெல்லாம் எங்க சார் ஒட்டியிருக்கும்?"

அவனுக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த இரண்டு தாள்களையும் இன்னொரு தடவை பாருங்கள். ஒரே கட்டடம், ஒரே வாரம், அன்றைய செய்தியில் சொன்ன காற்றுத் தர எண்ணும் ஒன்றேதான். ஆனாலும் தாள்கள் வேறு வேறு. மாசு என்றதும் நாம் ஊர்க்கணக்காகப் பேசுகிறோம், டெல்லி மோசம், சென்னை பரவாயில்லை, எங்கள் ஊரில் பிரச்சினையே இல்லை என்று. பிள்ளையின் நுரையீரலுக்கு ஊர்ச் சராசரி தெரியாது. அது மூச்சு இழுக்கும் இடத்தில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

தாளில் ஒட்டியது வேறு, உள்ளே போவது வேறு

தாளில் கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் பெரிய தூசி. ரோட்டு மண், டயர் தேய்ந்த பொடி, கரி. இதைத் தடுக்க நம் மூக்கில் முடியும் சளியும் இருக்கின்றன. பிடித்து வைத்துத் தும்மலிலோ சளியிலோ வெளியே தள்ளிவிடும். பைக்கில் போய் வந்து மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிறதே, அது மூக்கு தன் வேலையைச் செய்ததற்கு அடையாளம்.

மூக்கால் பிடிக்க முடியாதது இதைவிட மிகச் சின்னது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள், அதாவது முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. இவை மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் கிளையில் இருக்கும் காற்றுப்பைகள் வரை போய்த் தங்கும், அவற்றிலும் மிக நுண்ணியவை அங்கிருந்து ரத்தத்திலேயே கலந்துவிடும். டீசல் புகையிலும் குப்பை எரிக்கும் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் இவை நேராகவே வருகின்றன. புகைக்குழாயிலிருந்து வாயுவாக வெளியேறி, பிறகு காற்றிலேயே துகளாக மாறுவதும் உண்டு.

இதை ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு 5. இந்தியா 2009-ல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 40. ஆகவே "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த வரம்பு என்று கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

பெரியவர்களும் இதே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்?

ஆமாம், ஆனால் ஒரே அளவு உள்ளே போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை மூச்சு விடுவார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 20-க்கு மேல். உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளை இழுக்கும் காற்று நம்மைவிட ரொம்ப அதிகம். இதில் பிள்ளைகள் சும்மா உட்காரவும் மாட்டார்கள். ஓடுவார்கள், ஓடும்போது வாயால் மூச்சு இழுப்பார்கள், மூக்கில் இருக்கும் வடிகட்டிக்கு வேலையே இல்லாமல் போய்விடும். அப்புறம் உயரம். வாசலில் நிற்கும் வேனுக்குப் பின்னால் ஒரு யு.கே.ஜி. பிள்ளையை நிறுத்திப் பாருங்கள், நமக்கு இடுப்பளவில் வரும் புகை அதற்கு முகத்தில் படும்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் வளர்ச்சி. பிறக்கும்போது குழந்தையின் நுரையீரலில் சில கோடிக் காற்றுப்பைகள்தான் இருக்கும். வளர்ந்து முடிக்கும்போது முப்பது கோடிக்கும் மேல். நுரையீரலின் கொள்ளளவு இருபது வயதை ஒட்டித்தான் உச்சத்தைத் தொடும், எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை அதன் கட்டுமான வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கட்டி முடித்த வீட்டின் சுவரில் புகை படிந்தால் கழுவிக்கொள்ளலாம், கட்டும்போதே கலவையில் மண் கலந்துவிட்டால் அந்தச் சுவர் கடைசிவரை அப்படித்தான் நிற்கும்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இதைப் பல வருஷம் உட்கார்ந்து அளந்திருக்கிறது. 12 ஊர்களில் பத்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 18 வயது வரை, வருஷா வருஷம் ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்லி நுரையீரலின் பலத்தைப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. பி.எம். 2.5 மிகக் குறைவாக இருந்த ஊரில், 18 வயதில் நுரையீரல் பலம் மருத்துவரீதியாகக் குறைவு என்று சொல்லும்படி இருந்தவர்கள் 1.6 சதவீதம். மிக அதிகமாக இருந்த ஊரில் 7.9 சதவீதம். அதே ஊர்களின் பிள்ளைகளை வேறொரு விதமாகவும் பிரித்துப் பார்த்து 2007-ல் எழுதினார்கள்: பெரிய நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வீடு இருந்த பிள்ளைகளுக்கு, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைவிட நுரையீரல் வளர்ச்சி குறைவு. ஊர் ஒன்றாகவே இருந்தாலும் சாலைக்கு எவ்வளவு பக்கம் என்பது தனியாக ஒரு கணக்கு.

இந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2015-ல் வந்த பகுதி. நடுவில் கலிபோர்னியாவில் வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும் கடுமையான விதிகள் வந்து காற்று நன்றாகச் சுத்தமாகியிருந்தது. அவற்றில் ஐந்து ஊர்களில் பிறகு வளர்ந்த பிள்ளைகளை அளந்தபோது நுரையீரல் வளர்ச்சி கூடியிருந்தது, 15 வயதில் பலம் குறைந்தவர்களின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காற்றைச் சரிசெய்தால் பிள்ளைகளின் நெஞ்சில் அது தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே மாநிலம் 2003-லேயே, பெரிய நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் பொதுவாகப் புதிய பள்ளி கட்டக்கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டது. அந்த அடிக்கணக்கு சும்மா வந்ததில்லை. வாகனப் புகை சாலை ஓரத்தில் மிக அடர்த்தியாக இருந்து, முதல் நூறு நூற்றைம்பது மீட்டருக்குள்ளேயே மளமளவென்று குறைந்துவிடும். சில வகுப்பறைகள் தள்ளி உட்கார்ந்தால் கூட வித்தியாசம் வருவது இதனால்தான்.

இழுப்பும் விடுமுறையும்

ஆஸ்துமா, நம் வழக்கில் இழுப்பு, வீசிங். மூச்சுக்குழாயின் உள்சுவர் புண்பட்டு வீங்கியிருக்கும், புகையோ தூசியோ பட்டதும் சுருங்கிக்கொள்ளும். இளநீர் ஸ்ட்ராவைப் பாதி நசுக்கிவிட்டு அதன் வழியாக மூச்சு விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். மூச்சு வெளியே போகும்போது ஒரு விசில் சத்தம் வரும்.

வகுப்பில் அது விசில் சத்தத்தோடு வராது. ராத்திரி இருமித் தூங்காத பிள்ளை முதல் பீரியடில் தலையைச் சாய்க்கும், பனிக்காலத்தில் மாதத்துக்கு நாலு நாள் லீவு போடும். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி ஓட்டப் போட்டி என்றாலே கால் வலிக்கிறது என்று ஓரமாகப் போய் நின்றுகொள்வாள். ஒரு வருஷம் முழுக்க அவளைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தோம். ஓடினால் நெஞ்சை அடைக்கும், அதைச் சொல்ல வெட்கம், அதனால் கால் வலி என்று சொல்லியிருக்கிறாள். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இன்ஹேலர் பற்றி ஒரு வார்த்தை. "பழகிவிடும்" என்று பயந்து பையிலேயே வைக்காத பெற்றோர்கள் நிறைய. இன்ஹேலர் அடிமைப்படுத்தாது. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் ஒன்று பிள்ளையின் பையில் இருக்கட்டும், வகுப்பாசிரியருக்கும் விஷயம் தெரியட்டும்.

படிப்பையும் தொடுகிறது

நுரையீரல் என்றால் நம்புகிறார்கள், மூளை என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 39 பள்ளிகளில், 7 முதல் 10 வயது வரையான 2,700-க்கும் அதிகமான பிள்ளைகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2015-ல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்த்தவற்றில் ஒன்று செயல்நினைவு. 47-ஐ ஆறால் பெருக்கும்போது "ஆறேழு நாற்பத்திரண்டு, ரெண்டு போட்டு நாலு கையிருப்பு" என்று அந்த நாலை மனதில் பிடித்து வைக்கிறோமே, அந்தத் திறமை. இது வயதோடு தானாக வளரும். வாகனப் புகை குறைவாக இருந்த பள்ளிகளில் அந்த ஒரு வருஷத்தில் 11.5 சதவீதம் வளர்ந்தது, அதிகமாக இருந்த பள்ளிகளில் 7.4 சதவீதம்தான். குடும்பத்தின் படிப்பு, வசதி இவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. கையிருப்பு நாலை மறந்த பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டும்போது எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும்.

சத்தத்தையும் இதோடு சேர்க்க வேண்டும், நம் ஊரில் ஹாரனை யாரும் மாசு என்று நினைப்பதே இல்லை. நியூயார்க்கில், மேம்பாலத்தில் ஓடும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் போகும், ஒவ்வொரு தடவையும் டீச்சர் பாடத்தை நிறுத்தி, ரயில் போனதும் தொடங்குவார். 1975-ல் வெளியான ஆய்வில், தண்டவாளத்தைப் பார்த்த வகுப்புகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பள்ளியில் அமைதியான பக்கம் இருந்தவர்களைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கியிருந்தது தெரிந்தது. பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைகளில் சத்தத்தை உறிஞ்சும் கூரை போட்டார்கள். மறுபடி அளந்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. எங்கள் ஜன்னல் தாள்களைப் போலத்தான், ஒரே பள்ளி, இரண்டு பக்கம். இந்தியாவில் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம், அங்கே பகலில் 50 டெசிபெல்தான் வரம்பு. ஹாரன் அடிக்கும் பஸ் ஒன்று அதை ஒரு நொடியில் தாண்டிவிடும்.

தொழிற்சாலைப் பக்கத்துப் பள்ளிகள்

இதுவரை சொன்னது மெதுவாகச் சேரும் பாதிப்பு. வடசென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் குடியிருப்போடு ஒட்டியே இருக்கின்றன, பள்ளிகளும் அவற்றின் நடுவேதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கண் எரிந்து மூச்சு முட்டி மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஏதோ வாயுவின் நெடி வந்து மாணவிகள் மயங்கி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மூடிய பள்ளியை நவம்பரில் திறந்ததும் மறுபடி சிலருக்கு அதே தொந்தரவு.

வாயுக்கள் வேலை செய்யும் விதம் வேறு. அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஈரத்தில் சட்டென்று கரையும். கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஈரமான இடங்கள், அதனால் அங்கேதான் முதலில் எரியும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் இறுகிவிடும். எரிச்சல் தெரிவதால் ஒரு வகையில் இது எச்சரிக்கையோடு வருகிறது. அந்த நேரம் "பிரேயர் முடியட்டும்" என்று காத்திருக்கக்கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காகப் பிள்ளைகளை நகர்த்த வேண்டும், ஈரத் துணியால் மூக்கை மூடச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் உள்ள பள்ளிகளுக்கு எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்ற ஒத்திகை நடக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் ஈயம் 2000-ல் நின்றது, பெயிண்டில் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரைதான் இருக்கலாம் என்ற விதி 2016-ல் வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் பழைய கேட்டிலும் ஊஞ்சலிலும் இன்னும் உரிந்துகொண்டிருக்கலாம். கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பெரியவரைவிடப் பிள்ளையின் குடல் அதை நாலைந்து மடங்கு உறிஞ்சும், ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். சாப்பிடும் முன் கை கழுவுவதும் இரும்புச்சத்து உள்ள சத்துணவும் ஈயத்துக்கும் தடுப்புதான்.

சரி, பள்ளியில் என்ன செய்யலாம்?

நேரத்திலிருந்து தொடங்கலாம். காலையில், அதுவும் மார்கழி தை மாதங்களில், குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும், புகை மேலே போக வழியில்லை. சென்னை மாதிரி ஊரில் மதியம் கடற்காற்று வந்துதான் அதைக் கலைக்கும். ஆக, எட்டே முக்காலுக்கு வாசலில் எல்லா வண்டியும் கூடி, அதே நேரம் பிள்ளைகளும் வாசலருகே வரிசையில் நின்று பாடும் காலை பிரேயர் நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம். நாங்கள் பிரேயரைப் பின்பக்க மைதானத்துக்கு மாற்றினோம். காசு எதுவும் செலவாகவில்லை. ஓட்டப் பயிற்சியை முதல் பீரியடிலிருந்து கடைசிப் பீரியடுக்கு மாற்றினோம், வெயில் காலத்தில் மட்டும் இது சரிவராது, அப்போது பழையபடி காலைதான்.

அடுத்தது எஞ்சின். நின்றுகொண்டே ஓடும் வண்டியால் யாருக்கும் பயனில்லை. வேன், ஆட்டோ ஓட்டுநர்களைக் கூப்பிட்டு அந்த இரண்டு தாள்களையும் காட்டினோம், பேச்சே தேவைப்படவில்லை. கேள்வி கேட்ட அந்தப் பையனின் அப்பாவும் ஆட்டோக்காரர்தான். இப்போது வாசலில் வண்டி நின்றதும் முதலில் சாவியைத் திருகுவது அவர், பக்கத்து வேன்காரரிடம் "நிறுத்துண்ணே, பிள்ளைங்க நிக்குது" என்று சொல்வதும் அவர். முடிந்தவர்கள் நூறு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டு, உள்தெரு வழியாக நடத்திக் கூட்டி வரலாம்.

சருகு எரிப்பதை நிறுத்துங்கள். வேம்பும் புங்கமும் உதிர்க்கும் இலையைக் கூட்டி மூலையில் தீ வைப்பது பல பள்ளிகளில் தினசரி வழக்கம், ஒரு குழி தோண்டி மூடினால் உரமாகிவிடும். வகுப்பறையைப் பிள்ளைகள் இருக்கும்போது தென்னந்துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி அவர்கள் மூக்குக்கே வரும், ஈரத் துணியால் துடைப்பது நல்லது. ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலை வண்டிகள் ஓயும்வரை சாத்திவைத்து எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள், அறுபது பேர் உள்ள அறையில் மூச்சுக்காற்றே தேங்கிப் பிள்ளைகளுக்குத் தலை வலிக்கும். காற்று சுத்திகரிக்கும் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஜன்னல் திறந்த வகுப்பில் அது வீண். துணி மாஸ்க் பெரிய தூசியை நிறுத்தும், பி.எம். 2.5-ஐ நிறுத்தாது. என்95 நிறுத்தும், ஆனால் சின்ன முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். மதில் உயரமாகவும் அதை ஒட்டிக் கீழிருந்தே அடர்ந்த செடி வரிசையும் இருந்தால் ஓரளவு தடுக்கும். உயரமான மரம் மட்டும் இருந்தால் புகை அதன் தண்டுக்கு நடுவே வந்துவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் மணலி, வேளச்சேரி, ஆலந்தூர், பெருங்குடி அளவீட்டு நிலையங்களின் காற்றுத் தர எண்ணைப் பார்க்கலாம். நூறு வரை கவலையில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள், 200-ஐத் தாண்டினால் ஓட்டம் வேண்டாம். ஆனால் அது 24 மணி நேரச் சராசரியை வைத்துச் சொல்லும் எண், நிலையமும் உங்கள் வாசலில் இல்லை. எட்டே முக்காலுக்கு உங்கள் கேட்டில் இருப்பது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

தாள் சோதனையை உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள். வாஸ்லின் மெல்லிசாக இருக்கட்டும், மழை படாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள், தாளின் பின்னால் இடத்தையும் தேதியையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஏழாம் வகுப்பு இந்த முறை மூன்று தாள் ஒட்டியிருக்கிறது: வாசல் கம்பியில் ஒன்று, பிரேயர் பழைய இடத்தில் ஒன்று, புது இடத்தில் ஒன்று. வெள்ளிக்கிழமை கழற்றுவோம்.